உண்டும் ஒட்டாத உடல்: குடல் அழற்சி நோயும் சத்துக் குறைவும்

(வேங்கிக்கால் நம் பள்ளிவாசலில் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர் இமாம் சிறிது நேரம் உரையாற்றுவது நம் பள்ளியின் வழக்கம். வழக்கமாகத் தொழுகையைப் பற்றியோ, ஜகாத்தைப் பற்றியோ, பிள்ளை வளர்ப்பைப் பற்றியோ நாம் பேசுவோம். இவ்வாண்டு வயிற்றைப் பற்றிப் பேசப் போகிறோம். "ஹஜ்ரத் டாக்டராகி விட்டாரா?" என்று எவரும் புன்னகைக்க வேண்டாம். நாம் மருத்துவர் அல்லர், மதரஸாவில் ஓதியவர்கள். ஆயினும் நாம் செய்த ஒரு பிழையின் வழியாக இவ்விஷயத்தைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்ததையே இங்கு வைக்கிறோம். முதலில் அந்தப் பிழையைச் சொல்லி விடுகிறோம்.

ஒளுச் செய்யுமிடத்தில் தள்ளாடிய மனிதர்

நமக்கு நன்கு அறிமுகமான ஒரு சகோதரர், தையல் தொழிலாளி, நாற்பது வயதைத் தாண்டாதவர். பெயர் இங்கு வேண்டாம். 2017ஆம் ஆண்டில் வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அவருக்குக் குடல் அறுவை சிகிச்சை நடந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதி நோயினால் சுருங்கி அடைத்துக் கொண்டதால் அதை வெட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில், மாதம் ஒரு முறை பி12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. ஓராண்டு போட்டுக் கொண்டார். உடம்பு தேறியது; தொழிலுக்குத் திரும்பினார்; "நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று ஊசியை விட்டுவிட்டார்.

2021ஆம் ஆண்டு ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், எனக்குக் குடல் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, நோன்பு வைக்கலாமா?" என்று கேட்டார். நாம் என்ன நோய் என்று கேட்கவில்லை. மருத்துவர் என்ன சொன்னார், என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. "அல்லாஹ் போதுமானவன், வையுங்கள்" என்று ஒரே சொல்லில் அனுப்பி விட்டோம். அவரும் ஒன்று விடாமல் நோன்பு வைத்தார். மெலிந்து கொண்டே வந்தார். இருபத்தேழாம் கிழமை இரவில் வாலிபர்கள் நடுவே அவரைச் சுட்டிக்காட்டிப் புகழ்ந்தும் பேசினோம்.

மறு ஆண்டு ஒரு ஃபஜ்ரு நேரம். ஒளுச் செய்யுமிடத்தில் முகம் கழுவக் கண்ணை மூடியவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர் பிடித்துக் கொண்டார். இரத்த அழுத்தமாக இருக்கும் என்றே எல்லோரும் நினைத்தோம். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது: காலில் இருந்து செருப்பு கழன்று போனதே சில நாட்களாக அவருக்குத் தெரிவதில்லை, ஊசியைப் பிடிக்கும் விரல் மரத்துப் போயிருந்தது, தையல் கோணலாகிறது என்று வாடிக்கையாளர்கள் கோபித்துக் கொண்டிருந்தார்கள். இரத்தத்தைச் சோதித்தபோது பி12 மிகக் குறைந்திருந்தது. கால் எங்கே இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் பழுதுபட்டிருந்தன. கண் திறந்திருக்கும் வரை பார்வை அக்குறையை ஈடுகட்டும். கண்ணை மூடினால் உடல் தள்ளாடும். முகம் கழுவும்போது அவர் சாய்ந்ததன் காரணம் இதுவே.

நோன்பினால் அவருக்கு பி12 குறைந்தது என்று நாம் சொல்லவில்லை. ஊசியை நிறுத்தியதே காரணம். ஆனால் அன்று நம்மிடம் வந்து நின்ற மனிதரிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தால், அந்த மருத்துவமனைத் தாள் அன்றே வெளியில் வந்திருக்கும்; ஊசி ஓராண்டு முன்னதாகவே மீண்டும் தொடங்கியிருக்கும். இன்று அவருடைய விரல்கள் பெரும்பாலும் தேறிவிட்டன. பாதங்களில் இன்னும் மரமரப்பு இருக்கிறது. அது முழுவதும் நீங்குமா என்பதை மருத்துவர்களால் உறுதி கூற இயலவில்லை. இவ்வுரைக்குக் காரணம் அதுதான்.

இந்நோய் எது?

குடல் அழற்சி நோய் என்று சொல்லப்படுவது இரண்டு வகை. ஒன்று, பெருங்குடலின் உட்சுவரில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அது மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். பெருங்குடலோடு நின்று விடும். இரத்தமும் சளியும் கலந்த மலம், அடிக்கடி அவசரம் ஆகியவை அதன் அடையாளங்கள். மற்றொன்று, குரோன்ஸ் நோய். 1932ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் பர்ரில் குரோன் தம் இரு கூட்டாளிகளுடன் அதை விவரித்து எழுதியதால் அவருடைய பெயரே நிலைத்தது. அது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கும். குடற்சுவரின் முழுத் தடிப்பையும் பாதித்துச் சுருக்கத்தையும் துவாரங்களையும் உண்டாக்கும்.

இவ்விரண்டும் தொற்றுநோய்கள் அல்ல. ஒரே தட்டில் உண்பதால் ஒட்டாது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே பகைத்துத் தாக்குவதால் வருபவை. சில மாதங்கள் அடங்கியிருக்கும்; பின் மீண்டும் கிளம்பும்.

இது மேலைநாட்டார் நோய் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். 2003ஆம் ஆண்டு வெளியான பஞ்சாப் ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ 52,000 பேரை வீடு வீடாக விசாரித்துச் சோதித்தபோது, ஒரு லட்சம் பேருக்கு 44 பேர் வீதம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பது தெரிய வந்தது. நம் நாட்டிலும் இந்நோய் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது என்பதை அது எடுத்துக்காட்டியது.

நம் பகுதியில் மேலும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, மலத்தில் இரத்தம் கண்டால் உடனே "மூலம்" என்று முடிவு கட்டி, பேருந்து நிலையச் சுவரொட்டியில் கண்ட இடத்துக்குப் போய்விடுகிறோம். இரத்தம் எல்லாம் மூலம் அன்று. இரண்டாவது, குடல் காசநோயும் குரோன்ஸ் நோயும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. இரண்டிலும் வயிற்று வலி, காய்ச்சல், எடை குறைதல், குடற்சுருக்கம் எல்லாம் உண்டு. காசநோய் உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் நோய் பெருகிவிடும். ஆகவே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதை மருத்துவர் வலியுறுத்தினால், "பணம் பிடுங்குகிறார்கள்" என்று கூறி எழுந்து வந்துவிடக் கூடாது.

எந்தச் சத்து எங்கே ஏறுகிறது?

நம் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமுள்ளது. அது வெறும் குழாய் அன்று. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு பணி உண்டு. இரும்புச் சத்து முதற்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. ஃபோலிக் அமிலம் பெரும்பாலும் மேற்பகுதியில் ஏறுகிறது. பி12 வைட்டமினோ, இரைப்பையில் சுரக்கும் ஒரு துணைப் பொருளோடு கைகோத்துக் கொண்டு குடல் முழுவதையும் கடந்து, கடைசிப் பகுதியில்தான் இரத்தத்தில் சேருகிறது. கொழுப்பைக் கரைக்கும் பித்த உப்புகள் மீண்டும் உடலுக்குத் திரும்புவதும் அக்கடைசிப் பகுதியில்தான். அப்பகுதி நோயுற்றாலோ, வெட்டி எடுக்கப்பட்டாலோ பி12 ஏறாது. நோய் பரவலாக இருந்தால் கொழுப்பு சரிவரச் செரிக்காது. கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்களும் வீணாகும்.

பி12 நாளொன்றுக்கு 2 அல்லது 2.5 மைக்ரோகிராம் இருந்தாலே போதும். கல்லீரலில் பல ஆண்டுகளுக்கு வேண்டிய இருப்பு இருக்கிறது. இதுவே நம் சகோதரரை ஏமாற்றியது. ஊசியை நிறுத்திய மறுநாளே கால் மரத்திருந்தால் அவர் விழித்துக் கொண்டிருப்பார். பழைய இருப்பு மூன்று நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டது. வரவு நின்ற கடை, பழைய சரக்கை விற்றுக் கொண்டு திறந்தே இருப்பதைப் போன்ற நிலை அது.

நம் வட்டாரம் முன்பே கண்ட பாடம்

உண்டும் உடலில் ஒட்டாத நிலை நம் மண்ணுக்குப் புதியதன்று. 1960களில், அப்போது நம் திருவண்ணாமலையும் அடங்கியிருந்த வட ஆற்காடு மாவட்டத்துச் சிற்றூர்களில், வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் நோய் கொள்ளைநோய் போலப் பரவிற்று. (திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான்.) ஓயாத வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு, இரத்தசோகை, நாக்குப் புண் ஆகியவற்றோடு மக்கள் வாடினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இயங்கிய வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவின் மருத்துவர்கள் செல்வின் பேக்கரும் வி.ஐ. மத்தானும் அந்நோயை ஆராய்ந்து எழுதினார்கள். சிறுகுடல் பழுதுபட்டதால் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் உடலில் ஏறாமல் போனதை அவ்வாராய்ச்சிகள் காட்டின. அதே கல்லூரியிலிருந்து 1980இல் வெளியான மற்றோர் ஆய்வில், மனிதச் சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் பி12 வைட்டமினை உண்டாக்க வல்லவை என்பதையும் கண்டறிந்தார்கள்.

ஸ்ப்ரூ வேறு, இன்று நாம் பேசும் நோய் வேறு. ஆனால் பாடம் ஒன்றே. தட்டில் என்ன விழுகிறது என்பது பாதி. குடல் அதில் எதை ஏற்றுக் கொள்கிறது என்பது மறு பாதி. உலகம் படித்த அந்தப் பாடம் நம் வாசலில் இருந்து இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் எழுதப்பட்டது. நம் வேங்கிக்கால் வழியே நாள்தோறும் வேலூர்ப் பேருந்துகள் போகின்றன. நாம்தான் ஏறுவதற்குத் தாமதிக்கிறோம்.

சத்து குறையும் வழிகள்

ஒன்று, பயம். உண்டால் வலிக்கிறது, வெளியே போகிறது என்பதால் நோயாளி உணவைக் குறைத்துக் கொண்டே போகிறார். இரண்டு, நோயுற்ற குடல் உறிஞ்சாமை. மூன்று, இழப்பு: இரத்தத்தோடு இரும்பும், வயிற்றுப்போக்கோடு துத்தநாகம், மக்னீசியம், உப்புகளும் போய்விடும். நான்கு, அழற்சியே உடலின் தசையைக் கரைத்துத் தின்னும். ஐந்து, சில மருந்துகள். சல்பாசலசின் ஃபோலிக் அமிலம் ஏறுவதைத் தடுக்கும். மெத்தோட்ரெக்சேட் அதன் வேலையையே தடுக்கும். ஆகவே மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரை சேர்த்துக் கொடுப்பார். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் நீண்ட நாள் உட்கொண்டால் எலும்பை மெலியச் செய்யும்.

ஆறாவதாக ஒன்றை நாம் சேர்க்கிறோம். அது அண்டை வீட்டாரின் அறிவுரை. ஒருவர் பால் ஆகாது என்பார். ஒருவர் மீன் சூடு என்பார். ஒருவர் முட்டையை நிறுத்து என்பார். ஒருவர் பருப்பு வாயு என்பார். எல்லாருடைய சொல்லையும் கேட்ட நோயாளிக்கு மிஞ்சுவது வெறும் கஞ்சித் தண்ணீர்தான். நோய் கொண்டு போன சதையைவிட, அன்பான அறிவுரை கொண்டு போன சதை சிலரிடம் அதிகம்.

கவனிக்க வேண்டிய சத்துகள்

இரும்புச் சத்தை முதலில் சொல்கிறோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. நோய் இல்லாதவர்களின் நிலையே இது என்றால், குடலில் இரத்தம் கசியும் பெண்ணின் நிலை என்ன? ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 என்ற அளவுக்குக் கீழே போனால் இரத்தசோகை எனப்படும். இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை, அழற்சி உள்ளபோது உயர்ந்தே காட்டும். ஆகையால் "ஃபெரிட்டின் சரியாக இருக்கிறது" என்று நாமே தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நோய் கிளம்பியிருக்கும் காலத்தில் இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டலாம், பலனும் குறையலாம். அத்தகையோருக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். அதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை.

பி12 பற்றி முன்பே சொன்னோம். இன்னும் ஒன்று மட்டும். இரத்தசோகை என்றவுடன் கடையில் ஃபோலிக் அமில மாத்திரையை வாங்கித் தாமாக விழுங்குவோர் உண்டு. பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உட்கொண்டால் இரத்தம் தேறியது போல் தோன்றும். நரம்பு உள்ளுக்குள் கெட்டுக் கொண்டே போகும். ஆகவே இரண்டையும் சோதித்த பின்னரே உட்கொள்ள வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதி வெட்டப்பட்டவருக்குப் பொதுவாக வாழ்நாள் முழுவதும் பி12 தேவைப்படும். ஊசி நன்மை செய்து கொண்டிருப்பதால்தான் உடம்பு நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதைக் காட்டி ஊசியை நிறுத்துவது முறையன்று.

மூன்றாவது, வைட்டமின் டியும் சுண்ணாம்புச் சத்தும். வெயிலுக்குக் குறைவில்லாத ஊர் நம்முடையது. ஆயினும் வெயில் நம் மேல் படுவதில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் தாய்மார்களும், கடைக்குள்ளேயே இருக்கும் ஆண்களும் இதில் ஒரே நிலைதான். மாடியில் மறைவான இடத்தில் கைகால்களில் சிறிது நேரம் வெயில் படச் செய்யலாம். குறைவு மிகுந்தால் மருந்து வேண்டும். கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் பொடியோ மாத்திரையோ பெரும்பாலும் வாரம் ஒரு முறை மட்டுமே, அதுவும் மருத்துவர் சொன்ன வாரங்கள் வரை மட்டுமே உட்கொள்வது. அதை நாள்தோறும் உட்கொண்டால் இரத்தத்தில் சுண்ணாம்பு மிகுந்து சிறுநீரகம் கெடும். சத்து மருந்தாயினும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சே.

துத்தநாகம் குறைந்தால் நாக்கில் சுவை மங்கும்; புண் ஆறத் தாமதமாகும். ஏ குறைந்தால் மாலைக்கண் வரலாம். கே குறைந்தால் இரத்தம் உறையத் தாமதமாகும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். வைட்டமின்கள் இந்நோயைக் குணப்படுத்துவதில்லை. நோயினால் உண்டான பள்ளத்தை நிரப்புகின்றன. நோய்க்கான மருந்தை நிறுத்திவிட்டுச் சத்து மாவை மட்டும் நம்புவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதாகும்.

என்ன உண்பது?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பத்தியம் இந்நோய்க்கு இல்லை. நோய் அடங்கியிருக்கும் காலத்தில், தமக்கு ஒத்துக்கொள்ளும் எல்லா உணவையும் உண்ணலாம். தாமாக எதையும் நிரந்தரமாக விலக்கக் கூடாது. நோய் கிளம்பியிருக்கும்போது சிறிது சிறிதாக, பல வேளையாக, மென்மையாக உண்ண வேண்டும்: குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், வேகவைத்த முட்டை, முள்ளில்லாத மீன், தோல் நீக்கிய காய், வாழைப்பழம். மிளகாயையும் பொரித்ததையும் குறைக்கலாம். குடல் சுருங்கியிருப்பவர்கள் நார்க்கீரை, விதை, தோல், கொட்டை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும், அடைத்துக் கொள்ளும்.

புரதம் மிக முக்கியம். நோய் கிளம்பிய காலத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் மீனிலோ கோழியிலோ ஏறத்தாழ 20 கிராம். ஒரு தம்ளர் கஞ்சி அந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்பதைத் தாய்மார்களே எண்ணிப் பாருங்கள்.

பி12 இறைச்சி, ஈரல், மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இயற்கையாக உண்டு, கீரையில் இல்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பலர் தயிரை ஏற்றுக் கொள்கிறார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. சலித்து எடுத்த மாவில் கூழாகக் காய்ச்சினால் மென்மையாக இருக்கும். இரும்புச் சத்துள்ள உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்கு ஏறும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் ஏறுவது குறையும். உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி விட வேண்டும். விருந்து முடிந்த மறுகணம் தேநீர் நீட்டும் நம் வழக்கத்தை இதன்பொருட்டுச் சற்றே ஒத்திவைத்தால் தவறில்லை.

பிள்ளைகளுக்குக் குரோன்ஸ் நோய் வந்தால், ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை வேறு உணவின்றிச் சத்துத் திரவம் மட்டுமே கொடுத்து நோயை அடக்கும் முறையும் உண்டு. அது மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது. வளரும் பிள்ளையின் உயரமும் எடையும் நின்றுபோனால் அதுவே முதல் எச்சரிக்கை.

நோன்பும் நோயாளியும்

இதில் நாம் பொறுப்புடன் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது மார்க்கத்தில் கருத்து வேறுபாடில்லாத விஷயம். குணமாகும் நோயாயின் பிறகு களாச் செய்யலாம். நோன்பு நோற்கவே இயலாத நீடித்த நோயாயின், விடுபட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. நோய் கிளம்பியிருக்கும்போது, எடை குறைந்து கொண்டிருக்கும்போது, வயிற்றுப்போக்கினால் நீர் இழக்கும்போது நோன்பு வைத்துத் தம்மைத் தாமே அழித்துக் கொள்ள மார்க்கம் கேட்கவில்லை. நோய் அடங்கியிருப்பவர்களில் பலர் மருத்துவரின் அனுமதியோடு நோன்பு வைக்கிறார்கள். அவர்கள் மருந்து வேளைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக் கொள்வது பற்றி முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். சலுகையைப் பயன்படுத்துபவரை ஏளனமாகப் பார்ப்பதும் பாவமே.

சதையில் போடும் பி12 ஊசியால் நோன்பு முறியாது என்பது இக்கால ஆலிம்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. நரம்பு வழியாக உணவுச் சத்து ஏற்றுவது வேறு. அந்நாளில் நோன்பை விட்டு விடலாம். வைட்டமின் கேப்சூல்களின் உறை ஜெலட்டினால் ஆனதோ என்று ஐயுறுவோர், மருந்தையே விட்டுவிட வேண்டாம். மாத்திரை, பொடி, சொட்டு மருந்து, ஊசி எனப் பல வடிவங்கள் உண்டு. மருத்துவரிடம் கேட்டால் மாற்றித் தருவார்.

நம் நோன்புக் கஞ்சியைப் பற்றியும் ஒரு சொல். அரிசியும் பாசிப்பருப்பும் கொத்திறைச்சியும் சேர்ந்து குழைந்த அக்கஞ்சி, நலிந்த வயிற்றுக்கு ஏற்றதுதான். பள்ளியில் காய்ச்சும்போது மசாலாவும் மிளகாயும் குறைத்து ஒரு சிறு பாத்திரம் தனியே எடுத்து வைத்தால், நோயாளிகளும் முதியோரும் பயன் பெறுவார்கள்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

நிர்வாகப் பெருமக்களிடம் நான்கு வேண்டுகோள்கள் வைக்கிறோம்.

முதலாவது, கழிவறைச் சாவி. தொழுகை முடிந்தவுடன் கழிவறையைப் பூட்டிவிடுகிறோம். இந்நோய் உள்ளவருக்கு அவசரம் வந்தால் இரண்டு நிமிடம் கூடப் பொறுக்க இயலாது. நம் தையல்காரச் சகோதரர் நோய் கிளம்பிய ஒவ்வொரு முறையும் ஜும்ஆவுக்கு வராமல் இருந்ததற்குக் காரணம் இதுதான் என்று பின்னர் சொன்னார். நாமோ அலட்சியம் என்று நினைத்திருந்தோம். ஜும்ஆ நேரம் முழுவதும் ஒரு கழிவறையாவது திறந்திருக்கட்டும். வாசலை ஒட்டிய கடைசி வரிசையில் அத்தகையோருக்கு இடம் விட்டுக் கொடுப்போம்.

இரண்டாவது, ரமளானுக்கு ஒரு மாதம் முன்பாக ஒரு நாள் மருத்துவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, நீடித்த நோய் உள்ளவர்கள் தனித்தனியே கேட்டறிய ஏற்பாடு செய்யட்டும். மருத்துவர் சொன்னதை அறிந்த பின்னரே நாம் ஃபத்வா சொல்வோம் என்று இச்சபையில் வாக்களிக்கிறோம்.

மூன்றாவது, ஏழைக் குடும்பங்களின் இரத்தப் பரிசோதனைச் செலவுக்கு நம் மருத்துவ உதவி நிதியில் ஒரு பங்கு ஒதுக்கட்டும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வேலூருக்கோ முதல் முறை போகிறவருக்கு உடன் செல்ல வாலிபர்கள் இருவர் முன்வரட்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்பதைக் கேட்டறிந்து சொல்லவும் அவர்களால் முடியும்.

நான்காவது பணம் கேட்பதன்று. மறைப்பதை விடுவோம். திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று அஞ்சிப் பெண் பிள்ளைகளின் நோயை மறைக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். மறைப்பதால் மருத்துவம் தாமதமாகிறது, சத்து குறைகிறது, பின்னர் பிரசவத்தில் ஆபத்தாகிறது. நோய் அடங்கியிருக்கும் நிலையில் திருமணமும் மகப்பேறும் இப்பெண்களுக்கு இயலும். அதை நாம் பேசினால்தான் அச்சம் விலகும்.

எப்போது மருத்துவரிடம் போவது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், உறக்கத்தை எழுப்பும் பேதி, காரணமில்லாத எடைக் குறைவு, தொடர் காய்ச்சல், கைகால் மரத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும். நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டுமா என்று தம் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். மருத்துவமனைத் தாள்களை ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும்; வீட்டில் மற்றொருவரும் அதைப் படித்திருக்க வேண்டும்.

அந்தச் சகோதரர் இப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஊசி போட்டுக் கொள்கிறார். நாள் தவறாதிருக்க அவரே கண்டுபிடித்த வழி அது. அன்று நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், போட்டுக் கொண்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போவார். நாம் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. ஒளுச் செய்யும்போது இன்னும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக் கொள்கிறார்.

அவருக்கும், நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் வல்ல இறைவன் முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வானாக! கேட்க வேண்டியதைக் கேட்காமல் பதில் சொல்லும் அவசரத்திலிருந்து நம்மையும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.